விசுவாசித்த மேதைகள்

பிப்ரவரி 19, ஞாயிறு

சொட்டு மருந்து விடும் நேரத்தைக் குறித்து வைக்கத்தான் இந்த நோட்டை வாங்கினேன். மூன்று மருந்து. ஒன்று இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒன்று நாளைக்கு நாலு தடவை, ஒன்று காலையும் மாலையும். கட்டம் போட்டு முடித்த பிறகு பார்த்தால் இரண்டு பக்கம்தான் ஆகியிருக்கிறது. மிச்சத்தை என்ன செய்வது?

நேற்று திருநெல்வேலியில் என் கணவருக்கு ஆபரேஷன். இடது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. கண்ணுக்குள் ஏதோ வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் அவர் குப்புறப் படுத்திருக்க வேண்டுமாம். சாப்பிடவும் கழிவறைக்கும் மட்டும் எழலாம், அப்போதும் தலை குனிந்தபடி. பத்து நாள் கழித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். வலது கண்ணில் முன்பே பாதிப் பார்வைதான். இரண்டு மாதம் எதையும் வாசிக்கக் கூடாது.

முப்பத்தைந்து வருடம் குருவானவராகப் பீடத்தில் நின்று பேசியவர் இரண்டு தலையணைக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு தரையோடு பேசுகிறார். எனக்குத் தெரிவது அவருடைய பின்னந்தலை மட்டும்தான்.

பிப்ரவரி 21, செவ்வாய்

நாளை சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்கள் தொடங்குகின்றன. பக்கத்துச் சேகரத்தின் சபைகளைப் பார்க்கும் ஐயர் வந்து ஆராதனை நடத்தித் தருகிறார். அது பிரச்சினை இல்லை. பிரச்சினை வெள்ளிக்கிழமைகள். ஈஸ்டர் வரைக்கும் ஆறு வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டங்களில் இவரே பேசுவதாக நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாயிற்று. தலைப்பு, 'விசுவாசித்த மேதைகள்'. பாஸ்கல், நியூட்டன், மெண்டல், ஃபாரடே என்று போகிறது பட்டியல். மே மாதம் ஓய்வு. அதற்கு முன்னால் படித்த பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை.

புத்தகங்களை வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுதி, வெள்ளிக்கிழமை அதைக் கோயிலில் நானே படிக்க வேண்டும். வேறு யாரும் இல்லை. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு தொடங்கப்போகிறது. இயற்பியலுக்கு நான் ஒருத்திதான். பள்ளியில் ரூபி டீச்சர், இங்கே ஐயரம்மா. குருவானவரை ஐயர் என்று கூப்பிடும் ஊரில் அவர் மனைவிக்கு வேறு பெயர் கிடையாது.

சரி என்றேன்.

பிப்ரவரி 23, வியாழன்

பாஸ்கலை வாசித்து முடித்தோம். திரவ அழுத்தத்தை அளக்கும் அலகாக இந்தப் பெயரை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆள் யாரென்று யோசித்ததே இல்லை. முப்பத்தொரு வயதில் ஓரிரவு அவருக்குள் என்னவோ நடந்திருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி, கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். புதுக் கோட்டு போடும்போதெல்லாம் பிரித்தெடுத்து அதற்கு மாற்றித் தைத்திருக்கிறார். எட்டு வருடம். செத்த பிறகு வேலைக்காரர் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். கூடவே இருந்த யாருக்கும் தெரியாது.

இவர் தலையணைக்குள் முகத்தை வைத்தபடி கேட்டார். தூங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். பத்து மணி மருந்து விடப்போனபோது விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

இரவு நான் அடுத்த அறையில் படுப்பது பல வருடப் பழக்கம். இப்போது மருந்துக்காக மூன்று முறை எழுந்து வர வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 24, வெள்ளி

பாஸ்கல் நன்றாகப் போயிற்று. அறுபது பேர் இருந்தார்கள். ஞானப்பூ டீச்சர் முதல் பெஞ்சில். எழுபத்தெட்டு வயது, நாற்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். முகம் மஞ்சளாக இருந்தது. "நல்லா வாசிச்ச ரூபி. ஆனா இன்னும் சத்தமா வாசி" என்றார்.

மார்ச் 1, புதன்

டாக்டர் பார்த்தார். இன்னும் பத்து நாள் குப்புறத்தான். திரும்பும்போது டாக்சியில் முன் சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கு மதியம் போய் இரண்டு குழுவுக்குச் செய்முறை முடித்தேன். இட்லி மாவு புளித்துவிட்டது.

மார்ச் 2, வியாழன்

நியூட்டன். இவரிடம்தான் மாட்டிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது மூன்று விதி, ஒரு ஆப்பிள். இந்த மனிதர் இயற்பியல் எழுதியதைவிட வேதாகம ஆராய்ச்சி எழுதியது அதிகமாம். எபிரேய மொழி படித்து, சாலமோன் ஆலயத்தின் நீள அகலம் கணக்கிட்டு, உலகம் 2060க்கு முன்னால் முடியாது என்று குறித்து வைத்திருக்கிறார். இதெல்லாம் கேட்டு அவர் தலையணைக்குள் சிரித்தார். அதற்கு அடுத்த பக்கம்தான் விஷயம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்பதை நியூட்டன் நம்பவில்லை. திரித்துவத்தின் பெயரையே கொண்ட கல்லூரியில் இருந்துகொண்டு, நம்பவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும். குருப்பட்டம் வாங்கியாக வேண்டும் என்ற விதியிலிருந்து ராஜாவின் விலக்கு வாங்கித் தப்பித்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சாகும்போது நற்கருணை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

அந்தப் பகுதியை விட்டுவிடச் சொன்னார் இவர். பக்தியாக ஜெபித்தார், வேதம் வாசித்தார், அது போதும் என்றார். ரெக்கார்டு நோட்டில் வந்த அளவை எழுதாமல் வர வேண்டிய அளவை எழுதும் பிள்ளைகளுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. அதைச் சொன்னேன். "இது லேப் இல்ல ரூபி" என்றார்.

மார்ச் 3, வெள்ளி

படித்துவிட்டேன். முழுவதையும்.

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் வாசலில் நிறுத்தி அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். சேகரச் செயலாளர் தவசிமுத்து சார் குடையை மடக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். வணக்கம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் எப்படி என்று கேட்டார். நல்ல கூட்டம் என்றேன். அது பொய்யில்லை.

மார்ச் 5, ஞாயிறு

தவசிமுத்து சார் வந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ஞானப்பூ டீச்சரின் தம்பி. தலையணையின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவருடைய முதுகோடு பேசினார். திரித்துவத்தை மறுத்த ஒருவரை விசுவாசி என்று கோயிலிலேயே வாசித்தால் சின்னப்பிள்ளைகள் என்ன நினைக்கும் என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க படிச்சவங்க. தெரிஞ்சது எல்லாத்தையும் சபையில சொல்லிர முடியாதுல்லா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவ மேல தப்பு இல்ல சார். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

தவசிமுத்து சார் எழுந்து போனார். பேராயர் அலுவலகத்துக்கு எழுதாமல் இருக்க முடியாது என்று வாசலில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் களைப்பாகத்தான் இருந்திருக்கும்.

எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஓய்வு பெறப்போகிறவனை என்ன செய்துவிடுவார்கள், நீ இந்த ஊர் பிள்ளைகளுக்கு இன்னும் மூன்று வருடம் பாடம் எடுக்க வேண்டும் என்றார். கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்ச் 10, வெள்ளி

மெண்டல். பத்தொன்பது பேர் வந்தார்கள். பட்டாணிச் செடி வளர்த்த துறவி. ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர் என்று படித்தபோது ஒரே ஒரு ஆள் சிரித்தார், ஞானப்பூ டீச்சர். செத்த பிறகு அவர் எழுதி வைத்த தாள்களை மடத்தில் எரித்துவிட்டார்களாம். டீச்சரை இரண்டு பேர் பிடித்துத்தான் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

செய்முறைத் தேர்வு முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது.

மார்ச் 12, ஞாயிறு

குப்புறப் படுக்கும் கடைசி நாள். நாளையிலிருந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

சாப்பாட்டுக்குப் பிறகு, பட்டியலில் இல்லாத ஒருவரை வாசித்தேன். மெண்டலைத் தேடி நூலகத்துக்குப் போனபோது பக்கத்தில் இருந்ததால் எடுத்து வந்த டார்வின் வரலாறு. அடுத்த வாரத்துக்கான ஃபாரடேயை வாசித்திருக்க வேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது.

டார்வின் குருவானவர் ஆவதற்குத்தான் படித்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. இவர் எத்தனையோ பிரசங்கத்தில் அந்தப் பெயரைத் திட்டியிருக்கிறார். ஊர்க் குருவானவர் டார்வினுக்கு நல்ல நண்பர். மனைவி விசுவாசி. கணவருக்கு விசுவாசம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்து, இறந்த பிறகு நாம் பிரிந்துவிடுவோமோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கடைசிவரை வைத்திருந்து, பல தடவை முத்தமிட்டு அழுததாக அதிலேயே குறித்திருக்கிறார் டார்வின். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கோயில்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு, தான் மட்டும் வெளியே நடந்துகொண்டிருப்பாராம்.

பிறகு வாசிப்பில் டார்வினின் மகள் வந்தாள். பத்து வயது. காய்ச்சல், வாந்தி. வேறு ஊரில் வைத்து வைத்தியம். அப்பா மட்டும் பக்கத்தில். அம்மாவுக்கு நிறைமாதம், போக முடியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆரம்பித்த பத்தியை முடிக்காமல் விட எனக்கு வராது. அப்பா பக்கத்தில் இருக்கும்போதே பிள்ளை போய்விட்டாள். அடக்கத்துக்குக்கூட நிற்காமல் அவர் மனைவியிடம் திரும்பிவிட்டார்.

புத்தகத்தை மூடினேன். தெருவில் ஐஸ்காரர் போனார்.

"அவரால அடக்கத்துக்கு நிக்காம வர முடிஞ்சிருக்கு ரூபி" என்றார், தரையைப் பார்த்தபடி. "நான் அங்கி போட வேண்டியிருந்துச்சு."

எங்கள் மகளைச் சொல்கிறார் என்று புரிந்தது.

"அன்னைக்கு எப்சி பெட்டி பக்கத்துல நின்னு சொன்னதுல ஒண்ணையும் நான் நம்பல. அதுக்கப்புறம் தனியா ஒரு நாளும் முழங்கால் போட்டதில்ல. பதினோரு வருஷம் ஆகப்போகுது."

"பின்ன எதுக்குச் சொன்னீங்க?"

"நீ முன்னால உக்காந்திருந்த. ஒனக்கு அது வேணும்னு நெனச்சேன்."

நாலு மணி மருந்து விடும் நேரம் ஆகிவிட்டிருந்தது. முகத்தைத் திருப்பச் சொல்லிச் சொட்டு விட்டேன். மருந்து எது, கண்ணீர் எது என்று நான் பார்க்கவில்லை. நேரத்தைக் குறித்தேன்.

மார்ச் 13, திங்கள்

பொதுத்தேர்வு தொடங்கியது. ஹால் டியூட்டி. தமிழ்த்தாள்.

மார்ச் 14, செவ்வாய்

துணி துவைத்தேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

மார்ச் 15, புதன்

ஆங்கிலம். ஹாலில் மூன்று மணி நேரம் வாசிக்க, எழுத, உட்கார அனுமதி இல்லை. யோசிக்கலாம்.

எப்சிக்கு அப்போது பதினைந்து வயது. டெங்கு. பாளையங்கோட்டையில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் நான் பள்ளிக்கு வந்துவிட்டேன், அவர் மட்டும் கூட இருந்தார். நாலாம் நாள் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்து என்று இப்போது எல்லாருக்கும் தெரிகிறது.

மறுநாள் அவரே அங்கி போட்டு அடக்க ஆராதனை நடத்தினார். வேறு ஐயரை வைத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். கேட்கவில்லை. மறுமையில் சந்திப்போம் என்று சொன்னபோது குரல் நடுங்கவில்லை. நான் அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடத்தில் நடுங்கினால் போதும் என்று காத்திருந்தேன்.

நடுங்கவில்லை என்பதற்காக ஒரு மனிதரை இத்தனை வருடம்... என்னவோ. பள்ளிக்கு போன் வந்தது பத்து நாற்பதுக்கு. அதை இங்கே எழுத வேண்டாம்.

மார்ச் 16, வியாழன்

அவர் குனிந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். எப்சிக்குப் பிறகு நான் கோயிலுக்கு வந்ததெல்லாம் உங்களுக்காகத்தான் என்றேன். ஐயர் வீட்டிலேயே ஐயரம்மா வராவிட்டால் உங்களால் பீடத்தில் நிற்க முடியாது என்று வந்தேன். ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த நாள் பாடத்தை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ பதினோரு வருஷமா நீ எனக்காக வந்த, நான் ஒனக்காக நடத்துனேன்."

"ஆமா."

"பாவம், மத்த ஜனங்க உண்மைன்னு நெனச்சு வந்தாங்க" என்று சிரிக்க ஆரம்பித்தார். தலையை நிமிர்த்திவிடக் கூடாதே என்று நான் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பாக இல்லை. தோசை கருகும் வாடை வந்ததும் எழுந்தேன்.

மார்ச் 17, வெள்ளி

ஃபாரடே. பதினோரு பேர். ஒரு சின்னஞ்சிறு சபையில் மூப்பராக இருந்தவரை அந்தச் சபையே ஒரு முறை விலக்கி வைத்திருக்கிறது. என்ன காரணம் என்று சரியாகத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். விலக்கியதற்காக அவர் வேறு சபைக்குப் போய்விடவில்லை. ஞானப்பூ டீச்சர் வரவில்லை. ஈரலில் வியாதி, இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம்.

மார்ச் 20, திங்கள்

பேராயர் அலுவலகத்திலிருந்து போன். மரியாதையாகத்தான் பேசினார்கள். புகார் வந்திருக்கிறது, பெரிதாக்க விரும்பவில்லை. விசுவாசப் பிரமாணத்தை முழுமையாக ஏற்கிறேன் என்று ஐயர் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். ஆபரேஷன் ஆகியிருப்பதால் அம்மா எழுதினாலும் போதும்.

நாலு வரி. ஞாயிறுதோறும் நின்று சொல்வதுதான்.

மார்ச் 21, செவ்வாய்

எழுதி வைத்தேன். வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

தாளின் மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். போன மாதம் என்றால் போட்டிருப்பேன் என்றார். உன்னிடம் சொல்லிவிட்ட பிறகு கை வரவில்லை. போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மே மாதம் சபையார் முன்னால் வழியனுப்பு இருக்காது, ஒருவேளை அங்கி போடும் உரிமையும் போகலாம். முப்பத்தைந்து வருடம்.

போட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னேன். எனக்கு இதற்கு மேல் தெம்பு இல்லை. நியூட்டனை மறைக்க மாட்டேன் என்றவள் நீதானே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 23, வியாழன்

இரண்டாவது தாள் எழுதினோம். அவர் சொல்ல நான் எழுதினேன். நகல் எடுத்து வைக்கவில்லை, நினைவில் இருப்பதைக் குறிக்கிறேன்.

நானூறு பிள்ளைகளுக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தேன். அடக்கம் செய்தவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர். அதில் என் மகளும் ஒருத்தி. அந்த நாள் முதல் எனக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. இல்லை என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தெரியாத நாளிலும் கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. நீங்கள் கேட்ட நாலு வரியில் கையெழுத்துப் போட்டால் அது பொய்யாகும். நியூட்டனைப் பற்றி வாசித்தது என் மனைவியின் முடிவு. அவள் செய்தது சரி.

கடைசி இரண்டு வாக்கியத்தையும் எழுத மாட்டேன் என்றேன். எழுதினால்தான் போடுவேன் என்றார். கோயில்பிள்ளை என்று தன் பெயரைக் கோணலாகப் போட்டார், பாதி கோட்டுக்கு வெளியே.

தபால் நிலையம்வரை நடந்தேன். பெட்டியில் போடாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். போட்டுவிட்டேன்.

மார்ச் 24, வெள்ளி

கூட்டம் நிறுத்திவைப்பு என்று கோயில் கதவில் ஒட்டியிருந்தார்கள். அடுத்து வரவேண்டியவர் பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்குப் போட்ட பெல்ஜியம் நாட்டுக் குருவானவர். தன் கணக்கை வைத்துக் கடவுளை நிரூபிக்க வேண்டாம் என்று நினைத்தவர். அவரை வாசிக்காமல் போனதில் எனக்கு வருத்தம்தான். சாயங்காலம் இவருக்கு மட்டும் வாசித்தேன்.

மார்ச் 29, புதன்

பதில் வந்துவிட்டது. உடல்நிலையைக் கருதி மே மாதம்வரை மருத்துவ விடுப்பு. வேறு ஐயர் பொறுப்பேற்கிறார். நாங்கள் சபை கொடுத்த இந்த வீட்டை மே மாதம் காலி செய்தால் போதும். கடிதத்தின் மற்ற விஷயம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவுதானா என்று இரண்டு தடவை கேட்டார். அவ்வளவுதான்.

கண்ணில் வாயுக் குமிழி சின்னதாகிவிட்டது. ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறதாம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பவனி எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பாட்டு முடியும்வரை இருவரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 5, புதன்

சாயங்காலம் தவசிமுத்து சார் வந்தார். ஒரு மாதமாக வராதவர். வாசலிலேயே நின்றார். அக்காவுக்கு இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். புது ஐயர் மதியம் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் டீச்சர் கோயில்பிள்ளை ஐயரைக் கூட்டி வரச் சொல்கிறார்.

"சார், நான் என்ன எழுதிக் கொடுத்திருக்கேன்னு தெரியுமா?" என்று இவர் கேட்டார்.

"தெரியும்யா. எனக்கும் நகல் வந்துச்சு." கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காகிட்டயும் வாசிச்சுக் காட்டினேன். அதக் கேட்டுட்டுத்தான் கூப்பிடுதா."

நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அங்கி இல்லை, வேதம் இல்லை, வேட்டியும் அரைக்கைச் சட்டையும்தான். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கையைக் காட்டியதும் எல்லாரும் வெளியே போனார்கள். நான் எழுந்தபோது, நீ இரு என்று சைகை செய்தார். பாதியாக இருந்தார். கண் மட்டும் அப்படியே இருந்தது.

"ஐயா, எனக்குப் பயமா இருக்கு" என்றார். "இவங்ககிட்டச் சொன்னா ஒடனே பாட்டுப் படிக்க ஆரம்பிச்சிருதாங்க."

இவர் கட்டிலின் ஓரத்தைத் தடவி உட்கார்ந்தார். டீச்சரின் கையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"எப்சி என் வகுப்புப் பிள்ளதானே. ஒம்ம ஒருத்தர்கிட்டத்தான் இதக் கேக்க முடியும். அவ பயந்தாளா?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பதினோரு வருடமாக அந்தப் பெயரை எங்கள் முன்னால் வேறு யாரும் சொன்னதில்லை. கடைசி ஒரு மணி நேரத்தைப் பற்றி நானும் கேட்டதில்லை. பிள்ளை சமாதானமாகக் கண் மூடினாள் என்று அடக்கத்தன்று அவர் சொன்னது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

மறுபடியும் அதையே சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பயந்தா டீச்சர்" என்றார். "மூச்சு முட்டுச்சு. எனக்கு என்னமோ ஆகுதுப்பான்னு சொன்னா. ரொம்பப் பயந்தா. ஜெபம் பண்ணவான்னு கேட்டேன். வேண்டாம், கையப் பிடிச்சுக்கோன்னா. அம்மா எங்கன்னு கேட்டா. வந்துக்கிட்டிருக்கான்னேன். மூணு தடவ கேட்டா, மூணு தடவயும் சொன்னேன். அப்புறம் கேக்கல. கை இறுக்கம் விட்டுச்சு. அந்தக் கடைசி பத்து நிமிஷம் அவ பயப்படல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

குரல் நடுங்கியது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடுங்கியது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "கையப் பிடிச்சா போதுமா?"

"அவளுக்குப் போதுமா இருந்துச்சு."

"அப்போ விடாதீரும்."

விடவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நடுவில் இவர் கை மரத்துப்போனபோது நான் மறுபக்கம் போய் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு டீச்சர் தூங்கினார். தவசிமுத்து சார் உள்ளே வந்து நாடி பார்த்தார். இருக்கிறது. இவருக்கு ஒரு வணக்கம் சொல்லி, வாசல்வரை வந்து இவருடைய செருப்பை எடுத்து நேராக வைத்தார்.

ஓடைப் பாலம் தாண்டினோம். பிறகு நான் சொன்னேன்.

"போன் வந்ததும் நான் கிளம்பல. லென்ஸ் பாடம் பாதியில இருந்துச்சு. காய்ச்சல் எறங்கிருச்சேன்னு நெனச்சு அந்த வகுப்ப முடிச்சிட்டுத்தான் கிளம்பினேன். நீங்க அவகிட்டச் சொன்ன நேரத்துல நான் வந்துக்கிட்டு இல்ல."

"தெரியும்" என்றார். "ஒங்க ஹெட்மாஸ்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

நான் நின்றுவிட்டேன். அவருக்குத் தனியாக நடக்க முடியாது, அவரும் நின்றார்.

"அவளுக்குத் தெரியாது ரூபி" என்றார். "அவளப் பொறுத்தவரைக்கும் நீ வந்துக்கிட்டேதான் இருந்த."